நிணநீர்ப் புற்றுநோயும் புதிய ஆராய்ச்சியும்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாகக் கொள்கின்றது. நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தை ஊட்டுபவன் என்பன அந்நான்குமாம். இதற்கு உரைகண்ட பரிமேலழகர், அருகிருப்பவனுக்கு அன்பும் தூய்மையும் வேண்டுமென்றதோடு அமையாது, அறிவுடைமையும் வேண்டுமென்றார். நோயுற்றவனுக்குத் தன் நோய்நிலையை எடுத்துணர்த்தும் வன்மை வேண்டுமென்றார். இவ்விரண்டினையும் இக்காலத்து நோயொன்றோடு பொருத்திக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம். அந்நோய், லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். அதன் சிகிச்சை விரைந்து மாறிவருகின்றது. ஆதலின், அந்நோயாளரின் அருகிருப்போர்க்கு வேண்டிய அறிவுகளுள் ஆராய்ச்சிச் செய்தியை அளந்து வாசிக்கும் அறிவும் ஒன்றாகின்றது. யாம் வைத்தியரல்லேம், தமிழ் கற்பிப்போம். வாசித்தலும் வாசிப்பித்தலும் எம் தொழிலாதலின், அவ்வெல்லைக்குள் நின்று சில கூறத் துணிந்தோம்.

ஒரு வீட்டில் இந்நோய் கண்டவுடன் நிகழ்வதை நம்மிற் பலர் அறிவர். கனடாவிலுள்ள மருமகன் "அங்கே புதுமருந்து வந்துவிட்டதாம்" என்று தொலைபேசியிற் செய்தி அனுப்புவார். அயலவர் பத்திரிகைத் துண்டொன்றைக் கொண்டுவருவார். மூன்றாமவர் பழைய மருத்துவ நூலொன்றைத் திறந்து, இந்நோயுற்றோர் எத்தனை ஆண்டு வாழ்வர் என்று கணக்குச் சொல்லுவார். இவற்றின் விளைவாக, தீர்க்கத்தக்க நோய்க்கு நடந்துகொண்டிருந்த சிகிச்சையை இடையில் விட்டோரையும், தமக்குப் பொருந்தாத மருந்தைத் தேடிக் காணியை ஈடுவைத்தோரையும், பழைய எண்ணொன்றை வாசித்து மனந்தளர்ந்தோரையும் யாம் கண்டிருக்கின்றோம். இவர்களுள் எவரும் கல்லாதவரல்லர். செய்தியை எவ்வாறு வினாவுதல் வேண்டுமென்பதை அவர்க்கு எவரும் சொல்லவில்லை.

நோயின் இயல்பு

நம் உடம்பில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் எங்கும் பரந்துள்ளன. அவற்றின் இடையிடையே, கழுத்து, அக்குள், தொடைச்சந்து முதலிய இடங்களில், அவரை விதை போன்ற நிணநீர்க் கணுக்கள் உள. காலிற் புண்பட்டவிடத்துத் தொடைச்சந்தில் நெறி கட்டியதென்று நம் முதியோர் கூறுவது இக்கணுக்களின் வீக்கத்தையே. இக்கணுக்களில் உறையும் நிணநீர்க் கலங்கள் கிருமிகளை எதிர்த்து உடம்பைக் காப்பன. அக்காவலருள் ஒரு கலம் கட்டுப்பாடிழந்து பெருகுமாயின் அதுவே லிம்போமா ஆகும்.

1832ஆம் ஆண்டில், இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சார்ந்த தோமஸ் ஹொட்ஜ்கின் என்பார், இத்தகைய கணுவீக்கங் கொண்ட ஏழு நோயாளரைப்பற்றி எழுதினார். 1865ஆம் ஆண்டில் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு ஹொட்ஜ்கினின் பெயரையே இட்டார். இன்று லிம்போமா, ஹொட்ஜ்கின் வகை, ஹொட்ஜ்கின் அல்லாத வகை என இரு பெரும் பிரிவாக வழங்கிவருகின்றது. உட்பிரிவுகளையும் எண்ணுமிடத்து எண்பதுக்கு மேற்பட்ட வகைகள் உள. அவற்றுள், வளர்ந்தோரிடத்து மிகுதியாகக் காணப்படுவது பரவிய பெருங்கல பீ வகை. அது விரைந்து வளர்வது. எனினும், முற்றாகத் தீர்க்கத்தக்கது. நுண்குமிழ் வகையோ மெல்ல வளர்ந்து, அடங்கிப் பின் மீளுவது. அவ்வகையினருட் சிலர்க்குத் தொடக்கத்தில் மருந்தே கொடாது, காலந்தோறும் பார்த்துவருதலே தக்க சிகிச்சையாகின்றது.

ஆகவே, 'லிம்போமாவுக்குப் புதுமருந்து' என்னும் செய்தி, 'காய்ச்சலுக்குப் புதுமருந்து' என்பது போன்ற தெளிவற்ற கூற்றாம். மலேரியாவும் காய்ச்சலே, நெருப்புக்காய்ச்சலும் காய்ச்சலே, ஒன்றன் மருந்து மற்றொன்றைத் தீர்க்குமா? செய்தியொன்றை வாசிக்கப் புகுமுன் நோயாளியின் இழையப் பரிசோதனை அறிக்கையில் எழுதப்பட்டுள்ள நோய்வகையின் முழுப்பெயரையும் அறிதல் வேண்டும்.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

1942ஆம் ஆண்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், போர் நச்சுவாயுவோடு உறவுடைய நைதரசன் மஸ்ரட் என்னும் பொருளை ஒரு லிம்போமா நோயாளிக்குக் கொடுத்தனர். லூயிஸ் குட்மன், அல்பிரட் கில்மன் என்போர் அவ்வாராய்ச்சியின் முதல்வர். கட்டிகள் வியக்கத்தக்கவாறு சுருங்கின. ஆயின் சின்னாளில் மீண்டும் வளர்ந்தன. போர்க்கால இரகசியங் காரணமாக இம்முடிவு 1946ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. இரசாயன மருந்துகளாற் புற்றுநோயைத் தாக்கும் முறைக்கு இதுவே தோற்றுவாய்.

1970ஆம் ஆண்டில், அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தைச் சார்ந்த வின்சென்ற் டெவிற்றாவும் அவர் துணைவரும், நான்கு மருந்துகளை ஒருங்கு கொடுக்கும் 'மொப்' முறையின் பயனை வெளியிட்டு, முற்றிய ஹொட்ஜ்கின் நோயையுந் தீர்க்கலாமென நிறுவினர். 1975ஆம் ஆண்டில், இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா 'ஏபிவிடி' என்னும் வேறொரு நான்மருந்துக் கூட்டை அறிவித்தார். 1997ஆம் ஆண்டில் றிற்றுக்சிமாப் என்னும் பிறபொருளெதிரி மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பழைய மருந்துகள் வளருங் கலங்களுள் நல்லனவற்றையும் தீயனவற்றையும் ஒருங்கே தாக்கின. இதுவோ, பீ கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொண்டு அக்கலத்தை அழிக்கின்றது. 2017ஆம் ஆண்டில், நோயாளியின் உடம்பிலிருந்தே ரீ கலங்களை எடுத்து, புற்றை இனங்காணும்படி ஆய்வுகூடத்தில் மாற்றி, மீண்டும் உடம்பிற் செலுத்தும் 'கார்-ரி' சிகிச்சை, இரு சிகிச்சைகளுக்குப் பின்னும் மீண்ட பெருங்கல பீ வகைக்கு அங்கீகரிக்கப்பட்டது.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது ஒன்றுண்டு. ஒரு நூலில் 'ஐந்தாண்டு வாழ்ந்தோர் இத்தனை வீதம்' என அச்சிடப்பட்டிருப்பின், அது அந்நூல் வெளிவருவதற்குப் பல ஆண்டுகளின் முன்னர்ச் சிகிச்சை பெற்றோரின் கணக்கு. இன்று சிகிச்சை தொடங்குபவருக்கு அதனை விதியாகக் கூறுதல் பொருந்தாது.

ஆராய்ச்சியின் படிகள்

புதுமருந்து ஒன்று மக்களிடத்துப் பரிசோதிக்கப்படுங்கால் மூன்று படிகளைக் கடக்கின்றது. முதற்படியில், சிலர்க்குக் கொடுத்து, தாங்கத்தக்க அளவு யாது, தீங்கு யாது என்பவற்றை அறிவர். இரண்டாம் படியில், இன்ன நோயில் அது வேலை செய்கின்றதா என நோக்குவர். மூன்றாம் படியில், அதுகாறும் சிறந்ததெனக் கொள்ளப்பட்ட சிகிச்சையோடு அதனை ஒப்பிடுவர். எவர்க்கு எது என்பதைச் சீட்டுக்குலுக்கல் போன்ற முறையால் வகுப்பர். வைத்தியரே தெரிந்தெடுப்பின், உடல்வலிமை மிக்கோர் புதுமருந்தின் பக்கமாகச் சேர்ந்துவிடல் கூடும். அப்போது பயன் மருந்தினாலாயதா, வலிமையினாலாயதா என்பது விளங்காது.

மூன்றாம் படியின் இன்றியமையாமையை 1993ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்று நன்கு காட்டும். விரைந்து வளரும் லிம்போமாவுக்கு 'சொப்' என்னும் நான்மருந்துக் கூட்டு 1970ஆம் ஆண்டுகள் தொட்டு வழங்கியது. பின்னர், மருந்துகள் பல சேர்ந்த மூன்று புதுக்கூட்டுக்கள் தோன்றின. தனித்தனி வைத்தியசாலைகளில் நடந்த சிற்றாராய்ச்சிகளில் அவை பழையதினும் மிக்க பயன் தந்தனவாகத் தோன்றின. நான்கினையும் 899 நோயாளரிடத்து நேருக்கு நேர் ஒப்பிட்டபோதோ, மூன்றாண்டின் பின் உயிருடனிருந்தோர் தொகையில் வேறுபாடு காணப்படவில்லை. சிகிச்சையின் தீங்கால் இறந்தோர் பழைய முறையில் நூற்றுக்கு 1. புதியனவற்றுள் ஒன்றில் நூற்றுக்கு 6. ஒப்பீடு செய்யாதிருந்திருப்பின், புதுமை என்னும் பெயரால் எத்துணைப் பேர் வீணே துன்புற்றிருப்பர்!

புதிய முடிவு எப்போதும் மருந்தைக் கூட்டுவதாக இருத்தல் வேண்டுமென்பதுமில்லை. 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் முற்றிய ஹொட்ஜ்கின் நோயாளர் 1,214 பேர் சேர்ந்தனர். இரண்டு சுற்று ஏபிவிடி சிகிச்சையின் பின் 'பெற்' என்னும் படப்பரிசோதனை செய்யப்பட்டது. நோய் அடங்கியதெனக் காணப்பட்டோரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்கு நுரையீரலைத் தாக்கவல்ல பிளியோமைசின் என்னும் மருந்தை எஞ்சிய சுற்றுக்களில் நிறுத்தினர். மூன்றாண்டின் பின் நோய் மீளாதிருந்தோர், நிறுத்தாதோருள் நூற்றுக்கு 85.7, நிறுத்தினோருள் 84.4, ஏறத்தாழ ஒன்றே. நுரையீரற்றீங்கு குறைந்தது. ஒரு மருந்தை விடலாமென்பதும் நோயாளிக்கு நற்செய்தியன்றோ?

எண்களை வாசித்தல்

ஆராய்ச்சி முடிவு எண்ணாக வருவது. எண்ணைச் சொல்லாக மாற்றுமிடத்துப் பிழை புகுகின்றது. 2002ஆம் ஆண்டில் வெளியான பிரெஞ்சு ஆராய்ச்சியில், 60 முதல் 80 வயது வரையினரான பெருங்கல பீ வகை நோயாளர் 399 பேருள், ஒரு சாரார் சொப் மாத்திரம் பெற்றனர். மறுசாரார் அதனோடு றிற்றுக்சிமாப்பும் பெற்றனர். இரண்டாண்டின் பின் உயிருடனிருந்தோர் முன்னவருள் நூற்றுக்கு 57, பின்னவருள் நூற்றுக்கு 70. நூறு பேரைக் கற்பனை செய்து, 'பதின்மூவர் மேலதிகமாக வாழ்கின்றனர்' என்று கூறின் எவர்க்கும் விளங்கும்.

எதை அளந்தனர் என்பதும் நோக்கத்தக்கது. 'உயிர்வாழ்ந்த காலம்' வேறு. 'நோய் முன்னேறாது வாழ்ந்த காலம்' வேறு. பொலற்றுசுமாப் என்னும் மருந்தைச் சேர்த்த புதுக்கூட்டொன்றை, றிற்றுக்சிமாப் சேர்ந்த சொப் கூட்டோடு 879 பேரிடத்து ஒப்பிட்ட ஆராய்ச்சி 2021ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயிற்று. இரண்டாண்டு நோய் முன்னேறாதிருந்தோர் நூற்றுக்கு 76.7, 70.2 என நின்றனர். உயிருடனிருந்தோரோ 88.7, 88.6, வேறுபாடில்லை. இதனையே 'நோய் முன்னேறும் அபாயம் 27 வீதங் குறைந்தது' என்றும் எழுதலாம். அதுவும் பொய்யன்று. ஆயின், நூறு பேருள் ஆறேழு பேருக்கு நோய் முன்னேறாது தடுக்கப்பட்டதென்று கூறுவதே நோயாளிக்குத் தெளிவு தரும்.

இடைநிலை எண் என்பதும் அடிக்கடி பிழைபட உணரப்படுகின்றது. 'இடைநிலை எட்டு மாதம்' என்றால், அரைவாசிப்பேர் எட்டு மாதத்தின் மேல் வாழ்ந்தனர் என்பதே பொருள். எல்லாரும் எட்டு மாதத்தில் இறப்பர் என்பதன்று. அமெரிக்க உயிரியலறிஞர் ஸ்ரீபன் ஜே கூல்ட் 1982ஆம் ஆண்டில் வேறொரு கொடிய புற்றுநோய்க்கு ஆளாகி, நூலகத்தில் இவ்வெண்ணைக் கண்டார். எண்ணின் பொருளை அறிந்தவராதலின் கலங்கிலர். அதன்பின் இருபதாண்டு வாழ்ந்து, 2002ஆம் ஆண்டில் பிறிதொரு நோயால் இறந்தார்.

அங்கீகாரம் பெற்றதென்னும் செய்தியும் முடிந்த முடிபன்று. அம்பிறலிசிப் என்னும் மாத்திரை, மெல்ல வளரும் இருவகை லிம்போமாவுக்கு 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில், இரண்டாம் படி முடிவைக் கொண்டு அமெரிக்காவில் விரைவு அங்கீகாரம் பெற்றது. அதனோடு இனமான இரத்தப் புற்றுநோயொன்றில் நடந்த ஆராய்ச்சியில், அம்மருந்துண்டோரிடத்து இறப்பு மிகுதலுங் கூடுமெனக் காணப்பட்டது. 2022ஆம் ஆண்டு யூனில் அங்கீகாரம் மீளப்பெறப்பட்டது. அங்கீகரித்த செய்தியைச் சேமித்துவைத்தவர், மீளப்பெற்ற செய்தியையும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? ஆதலின், செய்தித் துண்டொவ்வொன்றிலும் திகதியைக் குறித்துவைத்தல் முதற்கடன்.

செய்தியைத் தேடுமிடம்

பத்திரிகைச் செய்தி தேடலுக்குத் தொடக்கமாகலாம், முடிவாகாது. மருத்துவப் பரிசோதனைகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கும் பதிவேடுகள் இன்று உள. அமெரிக்காவின் பதிவேடு 2000ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. நம் நாட்டிலும், இலங்கை மருத்துவச் சங்கம் 2006ஆம் ஆண்டில் ஒரு பதிவேட்டை நிறுவிற்று. அது உலக சுகாதார தாபனத்தின் முதன்மைப் பதிவேடுகளுள் ஒன்றாக விளங்குகின்றது. பதிவேட்டில் ஒரு பரிசோதனையைக் கண்டவிடத்து, எவ்வகை நோயினர் வேண்டப்படுகின்றனர், முன் எத்தனை சிகிச்சை பெற்றிருத்தல் வேண்டும், எவர் விலக்கப்படுவர், எவ்விடத்தில் நடைபெறுகின்றது, இன்னும் ஆட்களைச் சேர்க்கின்றனரா என்னும் ஐந்தினையும் வாசித்தல் வேண்டும்.

பல ஆராய்ச்சிகளை ஒருங்கு நிறுத்தி ஆராயும் கொக்ரேன் நிறுவனத்தார் தம் முடிவுகளை எளிய மொழிச் சுருக்கங்களோடு வெளியிட்டு வருகின்றனர். அச்சுருக்கங்களுட் சில தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய லிம்போமா மகாநாடும், அமெரிக்க இரத்தவியற் சங்கத்தார் டிசெம்பரிற் கூட்டும் மகாநாடும் புதுமுடிவுகள் முதன்முதல் வெளிப்படும் களங்கள். ஆங்குச் சொல்லப்படுவன பெரும்பாலும் இடைக்கால முடிவுகள். அவை பிற அறிஞரால் ஆராயப்பட்டு ஆராய்ச்சிச் சஞ்சிகையில் முழுமையாக வருமளவும், பென்சிலால் எழுதிய குறிப்பாகவே கொள்ளத்தக்கன.

அருகிருப்போன் கடன்

இனி, செய்யத்தக்கதைக் கூறுவாம். ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, முதற்பக்கத்தில் நோய்வகையின் முழுப்பெயர், அது பரவிய படிநிலை, இதுவரை பெற்ற மருந்துகள், அவற்றின் திகதிகள், நோயாளியின் பிற நோய்கள் ஆகியவற்றை எழுதுக. பின்னர், புதுச்செய்தி வருந்தோறும் ஒரு பக்கத்தில் ஆறு வினாக்களை எழுதி விடை காண்க: எவ்வகை நோய்? எந்நிலையினர்? எத்தனையாம் படி? எதனோடு ஒப்பீடு? எதை அளந்தனர்? எத்தனை பேரிடத்து, எவ்வளவு காலம்?

ஓர் எடுத்துக்காட்டுத் தருதும். நிவோலுமாப் என்னும் மருந்தால் ஹொட்ஜ்கின் நோய் சிறப்பாக அடங்குகின்றதென்று 2024ஆம் ஆண்டிற் செய்தி வந்தது. நோய்வகை: ஹொட்ஜ்கின். நிலையினர்: 12 வயதும் அதற்கு மேலும் உள்ள, முன் சிகிச்சை பெறாத, மூன்றாம் நான்காம் படிநிலையினர். ஆராய்ச்சி: மூன்றாம் படி. ஒப்பீடு: ஏனைய மூன்று மருந்துகளும் ஒன்றாயிருக்க, நிவோலுமாப்புக்குப் பதிலாக பிரென்றுக்சிமாப் வெடோற்றின். அளந்தது: இரண்டாண்டு நோய் முன்னேறாதிருத்தல்; நூற்றுக்கு 92, 83. தொகை: 970 பேர், இரண்டாண்டளவு. இப்பக்கத்தை முதற்பக்கத்தோடு ஒப்புநோக்கின், நுண்குமிழ் வகை நோயாளிக்கு இச்செய்தி உரியதன்று என்பது அக்கணமே விளங்கும். புதிதாக முற்றிய ஹொட்ஜ்கின் நோய் காணப்பட்ட இளைஞனுக்கோ, வைத்தியரிடம் எடுத்துச் சென்று வினாவத்தக்க பக்கம் இதுவாகும்.

அவ்வினாவும் தக்கவாறு அமைதல் வேண்டும். 'இம்மருந்தை ஏன் தரவில்லை?' என்று வைத்தியரை மறித்தலினும், 'ஐயா, இம்முடிவு எங்கள் நோயாளிக்குப் பொருந்துமா? பொருந்துமாயின் இங்கே கிடைக்குமா? அதற்கு ஒப்பான வேறுண்டா?' என்று வினாவுதல் பயன் தரும். எல்லா மருந்தும் எல்லா நாட்டிலும் கிடையா. கிடைப்பனவும் எல்லார்க்கும் எட்டுவனவல்ல. எனினும் நிலைமை மாறுகின்றது. றிற்றுக்சிமாப்புக்கு ஒப்பான மருந்தொன்று 2007ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டில், பம்பாய் இந்தியத் தொழினுட்ப நிறுவனமும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் சேர்ந்து ஆக்கிய கார்-ரி சிகிச்சை இந்தியாவில் அங்கீகாரம் பெற்றது. வினா ஒன்றுக்குச் சென்ற ஆண்டிற் கிடைத்த விடை இவ்வாண்டிற் பொருந்தாதிருத்தலுங் கூடும். ஆயின், விடை வருமளவும் நடக்குஞ் சிகிச்சையை நிறுத்தலாகாது.

பரிசோதனையிற் சேருமாறு அழைப்பு வரின், அஞ்சவும் வேண்டா, அவாவவும் வேண்டா. 1964ஆம் ஆண்டில் உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனத்தின்படி, நோக்கமும் தீங்கும் விளங்கிய பின்னரே நோயாளி இசைவு தருதல் வேண்டும். எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமையும் அவர்க்குண்டு. இசைவுப் பத்திரம் விளங்காத மொழியில் இருப்பின், வரிவரியாக மொழிபெயர்த்துச் சொல்லுதல் அருகிருப்போன் கடன்.

இறுதியாக ஒன்று. நம் வீடுகளில் நோயின் பெயரை நோயாளிக்கு மறைக்கும் வழக்கம் இன்னும் உண்டு. அன்பினாற் செய்வதே எனினும், தன் நோயின் பெயரறியாதவர் தன் நோய்நிலையை எங்ஙனம் உணர்த்துவர்? எண்களை அறிய விரும்பாதோரும் உளர். அவர்க்கு அவற்றைத் திணித்தலாகாது. எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்பதை நோயாளியிடமே முதலிற் கேட்டு, அவ்வளவே சொல்லுக. கொப்பி அவருடையது, எழுதுவோன் அவர்க்குத் துணை.

நம் பழைய மாணவருட் பலர் பல நாடுகளில் வைத்தியராயும் விஞ்ஞானிகளாயும் உள்ளனர். அவர்கள் செய்தியை அனுப்புங்கால், மேற்கூறிய ஆறு வினாக்களின் விடைகளையுஞ் சேர்த்து, எளிய தமிழில் அனுப்புவார்களாக. மேல்வகுப்பு மாணவர், மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ சிகிச்சைக்குச் சென்றுவரும் அயலவர்க்கு அறிக்கைகளை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தலும், கேட்கவேண்டிய வினாக்களைத் தெளிவாக எழுதிக் கொடுத்தலும் செய்யலாம். விழாக் கொண்டாடும் இவ்வாண்டில், இந்நோய் கண்ட வீடொன்றுக்கு வாரத்தில் ஒரு மாலை கொப்பியும் பென்சிலுமாக ஒருவர் சென்றிருப்பாராயின், இக்கல்லூரி அவர்க்குக் கற்பித்த வாசிப்பு தக்க இடத்திற் பயன்பட்டதென மகிழ்வோம்.